சிட்னியின் லாக்அவுட் சட்டம்: கதவை அடைத்தால் வன்முறை நிற்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எதைப் பற்றியது?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2014 முதல் 2021 வரை, இரவு வன்முறையைத் தடுப்பதற்கென்று பார்களுக்கும் நைட் கிளப்களுக்கும் நேரக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தது. ஊரார் அதை லாக்அவுட் சட்டம் என்றே அழைத்தார்கள். நோய் உண்மையானது, கொடுத்த மருந்துதான் தவறு என்பது என் உறுதியான கருத்து. அதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே வருகிற கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சட்டம் என்னதான் சொன்னது?

நகர மையத்திலும், இரவுக் கேளிக்கைக்குப் பெயர்பெற்ற கிங்ஸ் கிராஸ் பகுதியிலும் உள்ள பார், பப், கிளப் எதுவும் அதிகாலை 1.30 மணிக்கு மேல் புதிதாக எவரையும் உள்ளே விடக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் இருக்கலாம். சிகரெட் பிடிக்கவோ தொலைபேசியில் பேசவோ தெருவுக்கு வந்தால் மறுபடி நுழைய முடியாது. 3 மணிக்கு மேல் மது பரிமாறக் கூடாது. அதற்குப் பிறகும் கதவைத் திறந்து வைத்திருக்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் மது விற்காமல் இசைக்குழுவுக்கும் காவலாளிக்கும் சம்பளம் கொடுக்க எந்தக் கிளப்பாலும் முடியாது என்பதால், நடைமுறையில் 3 மணியே மூடும் நேரமாயிற்று. இவற்றோடு, வீட்டுக்கு மது வாங்கிச் செல்லும் கடைகள் மாநிலம் முழுவதும் இரவு 10 மணிக்கு மூடப்பட வேண்டும் என்ற விதியும் வந்தது. குடிபோதையில் தாக்கி உயிரிழப்பை ஏற்படுத்துபவருக்குக் குறைந்தது 8 ஆண்டுச் சிறை என்ற தனிச் சட்டமும் உடன் வந்தது.

அறுபது பேருக்கு மிகாத சிறிய பார்களுக்கும் உணவகங்களுக்கும் விலக்கு இருந்தது.

எதற்காகக் கொண்டுவந்தார்கள்?

கிங்ஸ் கிராஸின் விக்டோரியா தெருவில் இரண்டு இளைஞர்கள் முன்பின் தெரியாதவர்களால் தாக்கப்பட்டு இறந்தார்கள். ஒருவர் 2012 ஜூலையில் தாக்கப்பட்டார்; மற்றவர் 2013 டிசம்பர் 31 அன்று தாக்கப்பட்டு, பத்து நாட்களுக்கு மேல் உயிருக்குப் போராடி, 2014 ஜனவரியில் இறந்தார். இருவருக்கும் 18 வயதுதான். ஒரே ஒரு குத்து, தலை தரையில் மோதியது, முடிந்தது. நகரமே கொதித்தது. கொதிக்காமல் இருந்தால்தான் வியப்பு. மாநில முதல்வராக இருந்த பேரி ஓ'ஃபாரல் 2014 ஜனவரி 21 அன்று கட்டுப்பாடுகளை அறிவித்தார். 30ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தது.

பெற்ற பிள்ளையை இழந்தவர்கள் சட்டம் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. அந்தக் குடும்பங்களின் துயரத்தை வாதத்தில் ஒரு தடையாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. என் கேள்வி அரசாங்கத்திடம்தான்.

அந்தத் தாக்குதல்கள் எத்தனை மணிக்கு நடந்தன?

முதலாவது, இரவு 10 மணியை ஒட்டி. இரண்டாவது, இரவு 9 மணிக்குச் சற்றுப் பின். 1.30 மணிக் கட்டுப்பாடு அன்று இருந்திருந்தாலும் இருவரில் ஒருவரைக்கூட அது காப்பாற்றியிருக்காது.

சட்டத்துக்குப் பிறகு வன்முறை குறைந்தது உண்மைதானே?

உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் குற்றப் புள்ளியியல் ஆய்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, குடும்ப வன்முறை அல்லாத தாக்குதல்கள் கிங்ஸ் கிராஸில் 32 சதவீதமும் நகர மையத்தில் 26 சதவீதமும் குறைந்தன. 2016 செப்டம்பர் வரையிலான காலத்தைக் கணக்கிட்டு 2017இல் வந்த அடுத்த அறிக்கையில் கிங்ஸ் கிராஸின் சரிவு 49 சதவீதமாக உயர்ந்தது. நகர மையத்தில் அது 13 சதவீதமாகச் சுருங்கியது.

இந்த எண்களைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

கிங்ஸ் கிராஸில் அடிதடி பாதியானது சரி, ஆட்கள் எத்தனை பேர் மிஞ்சினார்கள்? நகராட்சி 2015இல் எடுத்த கணக்கில், அங்கே நள்ளிரவுக்குப் பிந்தைய சில மணி நேரங்களில் நடமாட்டம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஆள் இல்லாத தெருவில் அடிதடி இருக்காதுதான். அதைத் தெரு பாதுகாப்பானதாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பு என்பது, போக விரும்புகிறவர் போய், நல்லபடியாகத் திரும்பி வருவது.

அடுத்தது, சரிவு 2014இல் தொடங்கவில்லை. 2008 முதலே மாநிலத்தில் இத்தகைய தாக்குதல்கள் இறங்குமுகத்தில் இருந்தன. அந்த ஆண்டின் இறுதியில் மாநில அரசு, அதிக வன்முறை நடந்த 48 மதுக்கூடங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மட்டும் கடும் நிபந்தனைகள் விதித்தது: நள்ளிரவுக்குப் பிறகு கண்ணாடிக் கோப்பைக்குத் தடை, மிக மோசமான இடங்களில் பின்னிரவில் புதிதாக நுழையத் தடை. தவறு செய்தவன் வாசலில் போய் நிற்கும் சட்டம் அது. 2014இல் வந்தது அப்படிப்பட்டதல்ல. ஆண்டுக்கணக்காக ஒரு சண்டையும் நடக்காத ஜாஸ் அரங்குக்கும், வாரந்தோறும் ஆம்புலன்ஸ் வந்து நின்ற கிளப்புக்கும் ஒரே பூட்டுப் போட்டது.

மூன்றாவது, நேரக் கட்டுப்பாட்டோடு சேர்ந்தே வேறு பலவும் நடைமுறைக்கு வந்தன: கிங்ஸ் கிராஸ் வாசல்களில் அடையாள அட்டையை ஸ்கேன் செய்வது, தகராறு செய்பவர்களுக்குப் பகுதித் தடை, கூடுதல் போலீஸ், மதுக்கடைகளின் 10 மணி விதி. இதில் எது எவ்வளவு பலன் கொடுத்தது என்று பிரித்தெடுப்பது எளிதல்ல. பலன் முழுவதையும் 1.30 மணிக் கதவின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

கூட்டம் வேறு பகுதிகளுக்கு நகர்ந்ததா?

நகர்ந்தது. 2015 அறிக்கையில் அது தென்படவில்லை. சட்டத்தின் ஆதரவாளர்கள் வெகுநாள் அதையே காட்டினார்கள். 2017 அறிக்கை வேறு கதை சொன்னது. கட்டுப்பாட்டு எல்லையை ஒட்டிய பகுதிகளில் தாக்குதல்கள் 12 சதவீதம் கூடியிருந்தன. நியூடவுன், பாண்டை, கூஜி, டபுள் பே போன்ற, எளிதில் போய்ச் சேரக்கூடிய இடங்களில் 17 சதவீதம் கூடியிருந்தன. கூட்டிக் கழித்தால் மொத்தத்தில் குறைவுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்த 17 சதவீதத்தை நியூடவுன்காரர்களிடம் போய்க் கழித்துக் காட்ட முடியாது. கலைஞர்களும், ஓரினச்சேர்க்கையாளர்களும், திருநர்களும் பயமில்லாமல் உலவிய தெரு அது. மையத்தில் இடம் கிடைக்காமல் குடித்துவிட்டு வந்த புதிய கூட்டம் அவர்களைக் கேலி செய்யவும் அடிக்கவும் ஆரம்பித்தபோது, 2015இல் நியூடவுன்வாசிகள் தெருவில் இறங்கி ஊர்வலம் போக வேண்டியதாயிற்று. ஓரினச்சேர்க்கையாளர்களின் நெடுநாள் புகலிடமான ஆக்ஸ்ஃபோர்டு தெரு கட்டுப்பாட்டுக்குள் வாடியது. மாற்றிடமாக இருந்த நியூடவுனும் பாதுகாப்பை இழந்தது. இந்த இரட்டை இழப்பு எந்த அட்டவணையிலும் தனி வரியாக இல்லை.

மருத்துவர்கள் ஆதரித்தார்களே, அவர்களும் தவறா?

இல்லை. கிங்ஸ் கிராஸுக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில், சனிக்கிழமை இரவு முழுவதும் உடைந்த தாடையைச் சேர்த்துக் கட்டியவர்கள் அவர்கள். குடி தொடர்பான கடும் காயங்கள் குறைந்ததாக அவர்கள் பதிவு செய்தது நேர்மையான சாட்சியம். ஒரு முகம் உடையாமல் தப்பினாலும் அது நல்லதே.

மருத்துவர் தன் வாசலுக்கு வருகிற காயத்தை எண்ணுகிறார். நகரத்தை நடத்துகிறவர் இன்னொரு கேள்வியையும் கேட்டிருக்க வேண்டும்: ஒன்றரை மணிக்குக் கதவை அடைக்காமலே இதே அளவு காயங்களைக் குறைத்திருக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று பிரிட்டனில் இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

சீக்கிரம் மூடினால் சீக்கிரம் வீட்டுக்குப் போவார்கள். அதில் என்ன ஆபத்து?

எப்படிப் போவார்கள் என்பதுதான் ஆபத்து. சிட்னியில் இரவு 1 மணியைத் தாண்டினால் ரயில் படிப்படியாக நின்றுவிடும். விடிகாலை 5 மணிக்குத்தான் மறுபடி ஓடும். இடையில் நைட்ரைட் பஸ்கள் மட்டும். டாக்சி ஓட்டுநர்கள் ஷிஃப்ட் மாறும் நேரம் பிற்பகல் 3 மணி, அதிகாலை 3 மணி என்பது அந்த ஊரின் பழைய வழக்கம். அதாவது, எல்லாக் கிளப்களும் மதுவை நிறுத்தும் அதே 3 மணிக்கு, வண்டியைத் திரும்ப ஒப்படைக்கப் போகிற ஓட்டுநர் மேற்குப் புறநகருக்கு வர மாட்டேன் என்று கையசைத்துவிட்டுப் போகிறார்.

அந்த நேரத்துத் தெருவை நினைத்துப் பாருங்கள். தனித்தனி நேரத்தில், இரண்டும் மூன்றுமாகக் கலைந்திருக்க வேண்டிய ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே பதினைந்து நிமிடத்தில் நடைபாதைக்கு வருகிறார்கள். கபாப் கடை வாசலில் நாற்பது பேர் வரிசை. விளக்கெரியும் ஒரு டாக்சி நின்றால் நான்கு பக்கமிருந்தும் கைகள் கதவைப் பிடிக்கின்றன. யாரோ யார் தோளையோ இடிக்கிறார்கள். கிளப்புக்குள் இருந்தால் காவலாளி ஒருவர் இருவரையும் பிரித்துவிட்டிருப்பார். தெருவில் பிரித்துவிட ஆளில்லை, கீழே இருப்பது கான்கிரீட்.

1.30 மணியிலும் இதன் சிறு வடிவம் நடந்தது. தோழி உள்ளே, அவளை அழைத்துப் போக வந்தவன் வெளியே. வாசலில் நிற்கும் காவலாளிக்குச் சட்டத்தைத் தவிர வேறு பதில் சொல்ல வழியில்லை. வேலையை முடித்துவிட்டு நள்ளிரவுக்குப் பின் வருகிற சமையல்காரர்களும் செவிலியர்களும் இதே வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு மாலை தொடங்குவதே அப்போதுதான்.

இதற்கு முன் இப்படி முயன்று பார்த்ததுண்டா?

இதே சிட்னியில், கிட்டத்தட்ட நூறு ஆண்டுக்கு முன். 1916 பிப்ரவரி 14 அன்று, பயிற்சி நேரம் கூட்டப்பட்டதை எதிர்த்துக் கசுலா முகாமின் படைவீரர்கள் கலகம் செய்தார்கள்; சிட்னியை ஒட்டிய லிவர்பூலின் மதுக்கூடங்களைச் சூறையாடினார்கள்; ரயிலேறி நகருக்குள் வந்து கடைகளை உடைத்தார்கள்; மத்திய ரயில் நிலையத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு வீரர் இறந்தார். அந்த ஆண்டு ஜூனிலேயே மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்து, மதுக்கூடங்கள் மாலை 6 மணிக்கு மூடப்பட வேண்டும் என்று முடிவானது.

விளைவு என்ன? 5 மணிக்கு வேலை முடிந்தவர்கள் 6 மணிக்குள் எவ்வளவு ஊற்றிக்கொள்ள முடியுமோ அவ்வளவையும் ஊற்றிக்கொண்டார்கள். மதுக்கூடங்கள் நாற்காலிகளை அகற்றின. கழுவ வசதியாகச் சுவரெல்லாம் ஓடு பதித்தார்கள். பரிமாறுபவர் குழாயைக் கையில் பிடித்து, நீட்டிய கிளாஸ்களில் வரிசையாகப் பீர் நிரப்பிக்கொண்டே போவார். 6 மணி அடித்ததும் அத்தனை பேரும் தள்ளாடியபடி தெருவுக்கும், பிறகு மனைவி மக்கள் இருக்கும் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இந்த நிலையை மாற்ற நியூ சவுத் வேல்ஸுக்கு 1955 வரை பிடித்தது. பக்கத்து மாநிலமான விக்டோரியாவுக்கு 1966 வரை. நியூசிலாந்து 1967 வரை இதையே அனுபவித்தது.

இந்த வரலாறு சிட்னி பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படியிருந்தும் 2014இல் ஒன்பது நாளில் சட்டம் போட்டவர்கள் அதை எண்ணிப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நியூகாசிலில் வெற்றி பெற்றதே?

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்று இதுதான். சிட்னிக்கு வடக்கே உள்ள நியூகாசில் நகரத்தில் 2008 முதல் மையத்தில் இருந்த 14 மதுக்கூடங்கள் முன்னதாக மூடப்பட்டன. இரவுத் தாக்குதல்கள் 37 சதவீதம் குறைந்ததாக அதை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். நல்ல ஆய்வு. ஆனால் நியூகாசிலில் சுருக்கப்பட்டது குறிப்பிட்ட சில பெரிய மதுக்கூடங்கள் மட்டுமே. நகரமும் மிகச் சிறியது. 3 மணிக்கு வெளியே வருகிற கூட்டத்தின் அளவே வேறு. அதை அப்படியே பெயர்த்து, ஐம்பது லட்சம் பேர் வாழும் பெருநகரத்தில் நட்டால் அதே பலன் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

மெல்போர்ன் 2008இல் அதிகாலை 2 மணி நுழைவுத் தடையை மூன்று மாதம் சோதித்தது. பல இடங்கள் தீர்ப்பாயத்துக்குப் போய் விலக்கு வாங்கின, தாக்குதல்களும் குறையவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. குவீன்ஸ்லாந்து 2017இல் தொடங்கவிருந்த 1 மணி நுழைவுத் தடையைத் தொடங்குவதற்கு முன்பே ரத்து செய்தது.

சூதாட்ட விடுதிக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்களா?

ஆம். நகரின் பெரிய சூதாட்ட விடுதியான தி ஸ்டார் இருந்த பிர்மான்ட் பகுதி, கட்டுப்பாட்டு எல்லைக்கு வெளியே விடப்பட்டது. இன்னொரு சூதாட்ட விடுதிக்குத் திட்டமிடப்பட்டிருந்த பாரங்காரூவும் அப்படியே. இரவு முழுவதும் மது ஓடும் மிகப் பெரிய கட்டடம் ஆபத்தில்லை, நூறு பேர் கிட்டார் கேட்கும் அறை ஆபத்து என்றால், கோடு போட்டவர்கள் வன்முறையை மட்டுமே நினைத்துப் போட்டதாக நான் நம்பவில்லை.

இழந்தவர்கள் யார்? கிளப் முதலாளிகள்தானே?

முதலாளிகளும்தான், கிங்ஸ் கிராஸின் பெயர்பெற்ற ஹ்யூகோஸ் லௌஞ்ச் 2015இல் மூடப்பட்டது. ஆனால் பெரிய முதலாளிக்கு விற்க நிலமாவது இருந்தது, அடுக்குமாடி வீடு கட்டுபவர்கள் வாங்கிக்கொண்டார்கள். இசைக் கலைஞருக்கு என்ன இருந்தது? இசைப் படைப்பாளர்களின் உரிமத் தொகையை வசூலிக்கும் ஆப்ரா ஆம்கோஸ் அமைப்பு 2016இல் சொன்ன கணக்கு: கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நேரடி இசை நிகழ்ச்சிகளின் வருவாய் 40 சதவீதம் விழுந்துவிட்டது. நள்ளிரவுக் காட்சிதான் புதிதாக வருகிற இசைக்குழுவுக்குக் கிடைக்கும் முதல் மேடை. அது போனால் பத்து ஆண்டு கழித்துப் பெரிய மேடைக்கு வர ஆள் இருக்காது. டிஜே, ஒலியமைப்பாளர், வாசல் காவலாளி, கோப்பை கழுவும் வெளிநாட்டு மாணவர் என்று வரிசையாக வேலை போனது.

என் பிள்ளை நேரத்தோடு வீடு வந்து சேர்ந்தால் போதும் என்று நினைக்கும் பெற்றோர் நான். எனக்கு என்ன சொல்வீர்கள்?

வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலரிடமிருந்து வரும் கேள்வி இது, நியாயமானதும்கூட. உங்கள் மகளோ மகனோ இரவில் நகருக்குப் போகாமல் இருக்கப் போவதில்லை. அவர்கள் திரும்பி வர ரயில் ஓடுகிறதா, நிலையத்தில் ஆள் இருக்கிறாரா, மயங்கி உட்கார்ந்தால் தண்ணீர் கொடுத்து வண்டி ஏற்றிவிட யாரேனும் உண்டா என்று அரசாங்கத்திடம் கேளுங்கள். கதவை மூடும் நேரத்தைவிட இந்த மூன்றும்தான் அவர்களைக் காக்கும்.

சரி, வேறு என்னதான் செய்யலாம்?

பிரிட்டனின் கார்டிஃப் நகரத்தில், ஜோனதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடை அறுவை மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அடிபட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் மிகப் பலர் போலீசுக்குப் போவதே இல்லை. எனவே அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையிலேயே, பெயர் இல்லாமல், எங்கே அடிபட்டது, எப்போது, எதனால் என்று மட்டும் கேட்டுப் பதிவு செய்தார்கள். அந்த விவரம் மாதந்தோறும் போலீசுக்கும் நகராட்சிக்கும் போயிற்று. எந்த மதுக்கூடத்தில், எந்தத் தெருமுனையில், எந்த மணியில் என்பது தெரிந்ததும், அங்கே மட்டும் கை வைத்தார்கள்: போலீஸ் ரோந்தை மாற்றினார்கள், உடைந்தால் கத்தியாகாத கோப்பைகளைக் கொண்டுவந்தார்கள், பிரச்சினையான இடங்களின் லைசென்ஸைக் கேள்வி கேட்டார்கள். ஒப்பிடத்தக்க மற்ற நகரங்களோடு சேர்த்துப் பார்த்தபோது, வன்முறையால் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோர் கார்டிஃபில் 42 சதவீதம் குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. முழு நகரத்தையும் பூட்டாமல் கிடைத்த பலன் இது.

போக்குவரத்து அடுத்தது. மெல்போர்ன் 2016 ஜனவரி முதல் வார இறுதிகளில் இரவு முழுவதும் ரயில் விட்டது; சோதனையாகத் தொடங்கி நிரந்தரமாயிற்று. சிட்னியில் 2014 இறுதியில் தொடங்கி, போதையில் தடுமாறும் இளைஞர்களுக்குத் தண்ணீரும் உட்கார இடமும் கொடுத்து வண்டி ஏற்றிவிட்ட தன்னார்வலர்கள் செய்ததும் மிகப் பெரிய வேலை. சிறிய பார்களுக்குத் தாராளமாக லைசென்ஸ் கொடுப்பதும் உதவும்: அறுபது பேர் உட்கார்ந்து பேசும் இடத்தில் நடக்கும் அடிதடி மிகக் குறைவு.

சட்டம் எப்படி நீங்கியது?

மக்கள் விடவில்லை. 'கீப் சிட்னி ஓபன்' இயக்கம் 2016 பிப்ரவரியில் நடத்திய பேரணியில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். அந்த ஆண்டே, நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி இயான் காலினன் மறுஆய்வு செய்தார். நேரடி இசை நடக்கும் இடங்களுக்கு அரை மணி நேரம் தளர்த்தப்பட்டது. அரை மணி நேரம்! 2019இல் நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரித்த பிறகு, 2020 ஜனவரி 14 அன்று நகர மையத்திலும் 2021 மார்ச் 8 அன்று கிங்ஸ் கிராஸிலும் நுழைவுத் தடை நீக்கப்பட்டது. அப்போது முதல்வர் கிளாடிஸ் பெரிஜிக்லியன். சட்டத்தைக் கொண்டுவந்த அதே லிபரல் கட்சிக்காரர்.

நீக்கிய பிறகு வன்முறை கூடியதா?

மையத்தில் நீக்கிய இரண்டே மாதத்தில் கொரோனா வந்து நகரமே அடைந்துவிட்டது. அந்த ஆண்டுகளின் எண்களை வைத்து எந்தத் தரப்பும் வெற்றி கொண்டாட முடியாது.

போனவை திரும்பி வந்தனவா?

பாதிதான். 2021இல் இருபத்துநான்கு மணி நேரப் பொருளாதாரத்துக்கென்று மாநில அரசு ஓர் ஆணையரை நியமித்தது. 2023இல் வந்த சட்டத்திருத்தம், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் இரைச்சல் புகாரே ஓர் இசை அரங்கை முடக்கிவிடும் நிலையை மாற்ற முயன்றது. இவை இரண்டும் 2014க்கு முன்பே வந்திருக்க வேண்டியவை. கிங்ஸ் கிராஸில் கிளப்கள் இருந்த பல கட்டடங்கள் இப்போது குடியிருப்புகள். அந்த அறைகளில் மறுபடி இசைக்குழு ஏறப்போவதில்லை. அங்கே வாசித்துப் பழக வேண்டிய வயதில் இருந்தவர்களில் பலர் மெல்போர்னுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க எந்த ஆணையரிடமும் இன்னும் திட்டம் இல்லை.